பழைய ஜீப்புக்கு வேறு முன் ஆக்சில்: வாசகர் கேள்வி பதில்

பழைய ஃபோர்வீல் வண்டியைப் புதுப்பிக்கிறவர்கள் எழுதுங்கள் என்று சொன்னாலும் சொன்னோம், வந்ததெல்லாம் முன் ஆக்சில், அதாவது முன் சக்கர அச்சின் புராணம்தான். இஞ்சின் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். கடிதங்களைச் சுருக்கி, பெயரை எடுத்துவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கோத்தகிரி வாசகர்: அண்ணே, அப்பா ஓட்டிய மஹிந்திரா எம்எம் 540 ஃபோர்வீல் ஜீப் ரொம்ப நாளாக ஷெட்டில் கிடந்தது, இப்போது சேஸிஸ் வரை பிரித்துவிட்டோம். முன் ஆக்சிலில் இரண்டு பக்க உருண்டையிலும் ஆயில் கசிகிறது. நிறுத்துவதற்கு முன்பே ஸ்டீயரிங் ஆட்டமும் இருந்தது, நாற்பதைத் தாண்டினால் கை நடுங்கும். பழைய சாமான் கடையில் டிஸ்க் பிரேக் உள்ள பிற்கால ஆக்சில் ஒன்று முழுசாகக் கிடக்கிறது. பட்டறைக்காரர் "தூக்கி மாட்டிடலாம், அப்படியே உட்காரும்" என்கிறார். மாட்டலாமா?

பதில்: "அப்படியே உட்காரும்" என்று எந்தப் பட்டறையில் சொன்னாலும் முதலில் டேப்பை எடுங்கள் தம்பி. வெல்டிங் மிஷின் இருந்தால் லாரி ஆக்சில்கூட உட்காரும். உட்கார்ந்த பிறகு வண்டி நேராக ஓடணும், திரும்பணும், இறக்கத்தில் நிற்கணும், பாடு அங்கேதான் இருக்கிறது.

உங்களிடம் இருப்பது, ஜீப்பைச் செய்த அமெரிக்கக் கம்பெனியான வில்லிஸ் காலத்து வடிவம். மஹிந்திரா 1947-இல் வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்ட ஆரம்பித்தபோது கூடவே வந்தது. ஹவுசிங், அதாவது ஆக்சிலின் வெளிக்கூடு, அதன் இரு முனையிலும் ஓர் இரும்பு உருண்டை, அதை மூடியபடி சக்கரத்தோடு திரும்பும் நக்கிள், அது திரும்புவதற்கான முளையாக மேலேயும் கீழேயும் கிங் பின், அதில் டேப்பர் பேரிங். ஆக்சில் ஷாஃப்ட்டின் ஜாயிண்ட் உருண்டைக்குள் ஆயிலில் கிடக்கும், வெளியே ஒரு ஃபெல்ட் சீல் உருண்டையைத் துடைத்தபடி நகரும். அமெரிக்காவில் 1972-இலேயே சிஜே என்ற சிவிலியன் ஜீப்புகளுக்கு டானா 30 என்ற திறந்த நக்கிள் ஆக்சிலுக்குப் போய்விட்டார்கள். அதில் ஜாயிண்ட் வெளியே தெரியும், ஜாயிண்ட்டின் நடுவே கூட்டல் குறி வடிவில் இருக்கும் கிராஸ் தேய்ந்தால் கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கலாம், கசிய உருண்டையே கிடையாது. அதனால் திறந்த நக்கிளுக்கு ஆசைப்படுவதில் தப்பில்லை.

ஆனால் நீங்கள் சொன்ன இரண்டு வியாதிக்கும் ஆக்சிலை மாற்றவே வேண்டாம்.

கசிவை முதலில் பாருங்கள். சுழற்சியை இரு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் ஆயில் பிளக்கைத் திறந்தால் அளவு குறைந்திருக்கிறதா, நக்கிள் பிளக்கைத் திறந்தால் ஆயில் தானாகக் கொட்டுகிறதா? அப்படியானால் ஃபெல்ட்டைத் திட்டிப் பிரயோஜனமில்லை. ஹவுசிங் குழாய்க்கு உள்ளே இருக்கும் ஆயில் சீல் செத்துவிட்டது, டிஃபரன்ஷியல் ஆயில் நக்கிளுக்கு ஓடி வருகிறது, இன்னும் விட்டால் பிரேக் டிரம்முக்கும் போகும். இரண்டு அளவும் சரியாக இருந்தால் உருண்டையைத் துடைத்துவிட்டு நகத்தால் தடவிப் பாருங்கள். துரு தின்ற குழி நகத்தில் மாட்டும். அந்தக் குழியோடு புது ஃபெல்ட் போட்டால் கொஞ்ச நாளில் அரைத்துத் தள்ளிவிடும். குழியை எபாக்சி வைத்து அடைத்து, நைஸான எமரி பேப்பரில் வழுவழுப்பாகத் தேய்த்துவிட்டு அப்புறம் சீல் போடுங்கள். நக்கிளுக்குள் ஆயிலுக்குப் பதில் அரைத் திரவ கிரீஸ் விடுகிறவர்களும் உண்டு, எனக்கும் அது சம்மதமே.

அடுத்து ஆட்டம். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலேயும் கீழேயும் பிடித்து உள்ளே வெளியே அசையுங்கள். 'டக் டக்' என்று அசைந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் அசைவு நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின். கிங் பின் பேரிங்கில் சிம், அதாவது மெல்லிய தகட்டுத் துண்டு, எடுத்து இறுக்கம் வைப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிறவர்கள்தான் ஜாஸ்தி. இரு சக்கரத்தையும் சேர்த்துத் திருப்பும் டை ராடைக் கழற்றி, சீலையும் எடுத்துவிட்டு, ஸ்டீயரிங் ஆர்ம் நுனியில் ஒரு ஸ்பிரிங் தராசை மாட்டி மெதுவாக இழுங்கள். நக்கிள் நகர ஆரம்பித்த பிறகு முள் காட்டுவதுதான் கணக்கு. அந்த அளவு வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். சீலோடு சேர்த்து இழுத்தால் சீலின் பிடிப்பையும் பேரிங் இறுக்கம் என்று எண்ணி ஏமாந்துபோவீர்கள். சிம்மை மேலேயும் கீழேயும் கூடுமானவரை சமமாக எடுங்கள், இல்லாவிட்டால் ஜாயிண்ட் உருண்டையின் நடுவிலிருந்து விலகி நிற்கும்.

இவ்வளவும் பிரித்திருக்கும்போது ஷாஃப்ட்டை வெளியே எடுத்துப் பார்க்காமல் விடாதீர்கள். போர்க்கால ஜீப்புகளிலேயே பெண்டிக்ஸ், ஜெப்பா, டிராக்டா, ஸ்பைசர் என்று நாலு விதமான ஜாயிண்ட் வந்தது. பெண்டிக்ஸில் நாலு குண்டு பள்ளங்களுக்குள் ஓடும், நடுவில் பின் வைத்த இன்னொரு குண்டு. பள்ளம் தேய்ந்துபோனால் கையில் தூக்கியதுமே குண்டு கீழே உதிரும். அதைத் திரும்பப் பூட்டுவது வீண் வேலை. ஸ்பைசர் என்பது நமக்குப் பழக்கமான கிராஸ் வைத்த ஜாயிண்ட்தான். அதே ஹவுசிங்கில், அதே நக்கிளில், கிராஸ் வகை ஷாஃப்ட் ஜோடியைத் தேடி மாட்டுவதே என்னைக் கேட்டால் முன் ஆக்சிலுக்குச் செய்யக்கூடிய உருப்படியான மேம்பாடு. வெளியே இருந்து பார்த்தால் எதுவும் மாறியதே தெரியாது.

இல்லை, டிஸ்க் ஆக்சில்தான் வேணும் என்றால் கடைக்குப் போய் இதையெல்லாம் அளந்துவிட்டு வாருங்கள். டிஃபரன்ஷியல் எந்தப் பக்கம் இருக்கிறது? வில்லிஸ் வழி ஜீப்பில், முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸின் முன் ஷாஃப்ட் வலது பக்கம் வெளியே வரும், ஆக்சிலிலும் டிஃபரன்ஷியல் வலது பக்கம்தான் இருக்கணும். இடது பக்கம் என்றால் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள். ஸ்பிரிங் உட்காரும் பேடு இரண்டுக்கும் இடையே நடு அளவு என்ன? ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மொத்த அகலம் என்ன? டை ராட் ஆக்சிலுக்கு முன்னாலா பின்னாலா, முன்னால் என்றால் உங்கள் வண்டியில் அது எதில் இடிக்கும்? பினியன் ஃபிளேஞ்ச்சில் உங்கள் பிராப்பல்லர் ஷாஃப்ட் (டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து ஆக்சிலுக்கு வரும் தண்டு) சேருமா? பேடை வெட்டி வேறு இடத்தில் வைத்து வெல்டிங் செய்ய வேண்டியிருந்தால், அந்த வெல்டிங்கில்தான் கிங் பின்னின் சாய்வு முடிவாகிறது. ஒரு டிகிரி தப்பினாலும் ஸ்டீயரிங்கில் தெரியும். கடைசியாகப் பல் கணக்கு, அதற்குக் கீழே கூடலூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். அதே வண்டியின் பின் ஆக்சிலும் அதே கடையில் கிடந்தால் ஜோடியாக வாங்குங்கள். முன்னது மட்டும்தான் என்றால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் வாங்க மாட்டேன்.

கூடலூர் வாசகர்: முன் ஆக்சில் மாற்றினேன், எல்லாம் அம்சமாக உட்கார்ந்தது. ஆனால் ஃபோர்வீல் போட்டால் வண்டி முக்குகிறது, டயர் கீச்சிடுகிறது. லிவரை வெளியே எடுக்கவும் வரமாட்டேன் என்கிறது. டிரான்ஸ்ஃபர் கேஸ் கோளாறா?

பதில்: டிரான்ஸ்ஃபர் கேஸ் பாவம், அதை விடுங்கள். டிஃபரன்ஷியலுக்குள் பினியன் என்ற சின்னப் பல்சக்கரம் கிரவுன் என்ற பெரியதைச் சுற்றும், அந்தப் பல் கணக்கு முன்னும் பின்னும் வேறு வேறு என்பதுதான் என் சந்தேகம். ஜீப்பில் வழக்கமாகக் கேள்விப்படுவது இரண்டு: கிரவுனில் 43 பல், பினியனில் 8 என்றால் 5.38, கிரவுனில் 39, பினியனில் 8 என்றால் 4.88. பின்னால் 5.38, முன்னால் 4.88 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபோர்வீல் போட்டதும் இரண்டு பிராப்பல்லர் ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும், நடுவில் வித்தியாசத்தைப் பங்கு போட எதுவும் கிடையாது. பின் சக்கரம் 10 சுற்று சுற்றும்போது முன் சக்கரம் 11 சுற்று சுற்றப் பார்க்கும். அந்த ஒரு சுற்றை ரோடுதான் வாங்கிக்கொள்ளணும். சேறு வாங்கிக்கொள்ளும், அதனால் சேற்றில் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. தார் ரோடு வாங்காது. அப்போது அத்தனை முறுக்கும் ஷாஃப்ட்டிலும் கிராஸிலும் பல்லிலும் ஏறி நிற்கும், லிவர் வராததும் அதனால்தான். மாட்டிக்கொண்டால் ஸ்டீயரிங்கை நேராக வைத்து ரிவர்ஸில் கொஞ்சம் எடுங்கள், முறுக்கு தளர்ந்து லிவர் வரும்.

ஆக்சிலைப் பிரிக்காமலே கணக்குப் பார்க்கலாம். ஒரு ஆக்சிலின் இரண்டு சக்கரத்தையும் தரையிலிருந்து தூக்கி, டிரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலில் வைத்து, பிராப்பல்லர் ஷாஃப்ட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். முன் சக்கரத்தை ஷாஃப்ட்டோடு சேர்க்கவும் பிரிக்கவும் செய்யும் லாக் ஹப் இருந்தால் லாக்கில் இருக்கணும். ஒரு சக்கரத்தை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள, அடுத்ததைச் சரியாக இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். கோடு எத்தனை முறை வந்தது? ஐந்தைத் தாண்டி மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே போய் நின்றால் 5.38. ஐந்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டால் 4.88. ஒரு சக்கரத்தை நிறுத்திப் பிடிப்பதால் கிரவுன் பாதிதான் சுற்றும், அதனால்தான் இரண்டு சுற்று. இதையே ஆக்சில் வாங்கும்போது கடை வாசலில், ஹப்பைக் கையால் சுற்றியே பார்த்திருக்கலாம். பரவாயில்லை.

இனி ஏதோ ஒரு பக்கம் கிரவுன் பினியன் மாற்றியாகணும். எந்தப் பக்கம் என்பது நீங்கள் எங்கே ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எஸ்டேட் ரோடும் ஏற்றமுமாகவே ஓடும் வண்டி என்றால் இரண்டும் 5.38, ஊர் ஊராக ஓடும் வண்டி என்றால் இரண்டும் 4.88, அதே வேகத்துக்கு இஞ்சின் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவாகக் கத்தும். கிரவுனையும் பினியனையும் செட்டாகவே வாங்குங்கள், இரண்டிலும் ஒரே ஜோடி நம்பர் கொத்தியிருக்கும். ஒரு வண்டியின் கிரவுனையும் இன்னொன்றின் பினியனையும் சேர்த்துப் பூட்டினால் கத்திக்கொண்டேதான் ஓடும். பூட்டும்போது பல்லில் நீல மை தடவிச் சுற்றிப் பார்த்து, பதிவு பல்லின் நடுவில் விழுகிறதா என்று காட்டச் சொல்லுங்கள். காட்ட மாட்டேன் என்கிற பட்டறையில் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

ஒருவேளை கணக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தால், டயரைப் பாருங்கள். முன்னால் புது டயர், பின்னால் மொட்டை டயர் என்றாலும் இதே கூத்துதான், அளவு கொஞ்சம் குறையும். இன்னொன்று, எல்லாம் சரியாக இருக்கும் வண்டியைக்கூட காய்ந்த தார் ரோட்டில் ஃபோர்வீல் போட்டு வளைக்கக் கூடாது. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் போகின்றன, அதுவும் முறுக்குதான்.

போடிநாயக்கனூர் வாசகர்: சிஜே 3பி. பெரிய டயர் இடிக்காமல் இருக்க முன்னால் இரண்டு அங்குலம் நீளமான ஷாக்கிள் (ஸ்பிரிங் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் துண்டு) போட்டேன். வண்டி கம்பீரமாக நிற்கிறது, ஆனால் ரோட்டில் அலைகிறது. திருப்பினால் ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வருவதில்லை. கனமான முன் ஆக்சில் போட்டால் சரியாகுமா?

பதில்: ஆகாது. ஆக்சில் கனமாக இருந்தாலும் சாய்வு இதேதான் இருக்கும்.

ஜீப்பில் முன் ஸ்பிரிங்கின் ஷாக்கிள் முன் முனையில் இருக்கிறது. அதை நீட்டினால் ஸ்பிரிங்கின் மூக்கு கீழே இறங்கும், கூடவே ஆக்சிலின் தலை முன்னால் சாயும். வில்லிஸ் புத்தகத்தில் கிங் பின்னுக்குப் பின்னோக்கிய சாய்வு, அதாவது கேஸ்டர், 3 டிகிரி. அந்த 3 டிகிரிதான் திருப்பிய ஸ்டீயரிங்கை நேராக இழுத்து வருகிறது. அதை நீங்கள் ஷாக்கிளில் செலவழித்துவிட்டீர்கள். லாபமாகக் கிடைத்த உயரமும் இரண்டு அங்குலம் இல்லை, ஏறத்தாழ ஒன்றுதான், ஏனென்றால் ஸ்பிரிங்கின் ஒரு முனைதான் இறங்கியிருக்கிறது.

பழைய ஷாக்கிளைத் திரும்பப் போட்டுவிடுவதுதான் சரி. உயரம் வேண்டுமானால் அதற்கென்று வளைவு கொடுத்த ஸ்பிரிங் செட் போடுங்கள். மனசு வரவில்லை என்றால், ஆப்பு மாதிரி சரிவாக வெட்டிய இரும்புத் தகட்டை ஸ்பிரிங்குக்கும் ஆக்சில் பேடுக்கும் நடுவே வைத்து யூ போல்ட்டை இறுக்கலாம். உங்கள் வண்டியில் ஸ்பிரிங் ஆக்சிலுக்குக் கீழே இருப்பதால் தடித்த முனை முன்பக்கம் வரணும், மாற்றி வைத்தால் இன்னும் மோசமாகும். இரும்பிலேயே செய்யுங்கள், அலுமினியம் நாளடைவில் நசுங்கிவிடும். சென்டர் போல்ட்டின் தலை பேடின் குழிக்குள் முழுசாக இறங்குகிறதா பாருங்கள், எட்டாவிட்டால் நீளமான போல்ட் போடணும். நக்கிளின் மேல் மூடியில் தட்டையான இடம் இருக்கும். போனில் மட்டம் பார்க்கும் செயலியைத் திறந்து அங்கே வைத்து, மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஒரு தடவை குறித்துக்கொள்ளுங்கள். சமதரையில் நிறுத்திப் பார்க்கணும், போடியில் அதற்கு இடம் தேடுவதுதான் கஷ்டம்.

ஒரு எச்சரிக்கை: தலை பின்னால் சாயச் சாய பினியன் மூக்கு கீழே போகும், முன் பிராப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணம் கெடும். அதனால் தகட்டில் நாலு டிகிரி, ஐந்து டிகிரி என்று போகாதீர்கள்.

ஏற்காடு வாசகர்: ஜீப்பில் முன் டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் போட்டேன். முதல் நாள் பிரமாதம். மலை இறங்கி ஏறினால் முன் சக்கரம் இரண்டும் தொட முடியாத சூடு. ஜாக்கியில் தூக்கினால் கையால் சுற்ற முடியவில்லை.

பதில்: டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரைத் திட்டுவதற்கு முன் ஒரு சோதனை. சக்கரம் இறுகி நிற்கும்போதே காலிப்பரின் பிளீடிங் நிப்பிளைக் கால் சுற்று தளர்த்துங்கள். பீச்சியடித்துவிட்டுச் சக்கரம் விட்டால், பைப்பில் அழுத்தம் சிக்கி நிற்கிறது என்று அர்த்தம், காலிப்பர் நல்லது.

பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் பழையதையே வைத்திருப்பீர்கள். டிரம் பிரேக் மாஸ்டருக்குள் ஒரு சின்ன வால்வு உண்டு, காலை எடுத்த பிறகும் லைனில் சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். டிரம்மில் ஷூவை இழுக்க ஸ்பிரிங் இருப்பதால் அது உரசாது. டிஸ்க்கில் திரும்ப இழுக்க ஸ்பிரிங் ஏது, அந்த 10 பிஎஸ்ஐ பிரேக் பேடை டிஸ்க்மேல் அழுத்திக்கொண்டே இருக்கும். முன் லைனுக்கு அந்த வால்வு இருக்கவே கூடாது. அதேசமயம் பழைய ஜீப்பில் மாஸ்டர் சிலிண்டர் காலுக்குக் கீழே, ஃபுளோருக்கு அடியில் இருக்கிறது. காலிப்பர் அதைவிட மேலே இருந்தால், ஆயில் திரும்ப வழிந்து முதல் மிதிப்பு ஆழமாகப் போகும், அதற்கு 2 பிஎஸ்ஐ வால்வு தனியாக உண்டு. பத்தை எடுத்துவிட்டு இரண்டைப் போடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெடலின் புஷ் ராடில் கொஞ்சமாவது லூஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள், லூஸே இல்லாமல் வைத்தால் மாஸ்டருக்குள் ஆயில் திரும்பும் துளை மூடியே இருக்கும், அப்போதும் இதே சூடுதான்.

செலவோடு செலவாக இரண்டு சர்க்யூட் உள்ள டேண்டம் மாஸ்டருக்கு மாறிவிடுங்கள். ஒரே சர்க்யூட்டில் ஒரு ஹோஸ் போனால் நாலு சக்கரமும் போச்சு, ஏற்காடு கொண்டை ஊசியில் அது வேண்டாத விளையாட்டு. டிஸ்க் போடாதவர்களுக்கு ஒரு வார்த்தை: பழைய ஜீப்பின் 9 அங்குல டிரம் இவ்வளவு கெட்ட பெயர் வாங்கக் காரணம், ஷூவின் கீழ்முனையில் இருக்கும் ஆங்கர் பின்னை யாரும் திருப்பிச் சரிசெய்வதில்லை என்பதுதான். மேலே இருக்கும் கேமை மட்டும் திருகிவிட்டு, ஷூவின் ஒரு ஓரம் மட்டும் டிரம்மைத் தொட்டபடி ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஹட்டன் வாசகர், இலங்கை: அண்ணா, தோட்டத்தில் ஓடிய சீரிஸ் 3 லேண்ட் ரோவர், முன் பின் சில்லு இடைவெளி 88 அங்குலம், வாங்கித் திருத்திக்கொண்டிருக்கிறேன். முன் சில்லுகளின் பின்னால் உள்ள குரோம் உருண்டை இரண்டும் கறள் பிடித்து எண்ணெய் ஒழுகுது. இறக்கத்தில் பிரேக்கும் போதாது. டிஃபெண்டர் முன் அச்சு ஒன்று விலைக்கு வந்திருக்கு. அதைப் போட்டால் இரண்டு பிரச்சினையும் ஒரே நேரத்தில் தீருமா?

பதில்: தீரும், ஆனால் வேறு நாலு பிரச்சினை வரும். சீரிஸ் லேண்ட் ரோவரின் இடது வலது சக்கர இடைவெளி 51.5 அங்குலம். காயில் ஸ்பிரிங் வந்த ரேஞ்ச் ரோவர், டிஃபெண்டர், டிஸ்கவரி எல்லாம் 58.5 அங்குலம். பக்கத்துக்கு மூன்றரை அங்குலம் சக்கரம் மட்கார்டைத் தாண்டி வெளியே நிற்கும், பின் அச்சையும் மாற்றாவிட்டால் பார்க்கவே சகிக்காது. காயில் ஸ்பிரிங்குக்கான தாங்கிகளை வெட்டி எறிந்துவிட்டு உங்கள் பட்டை ஸ்பிரிங்குக்குப் பேடு வெல்டிங் செய்யணும், கோத்தகிரிக்காரருக்குச் சொன்ன சாய்வு விவகாரம் இங்கேயும் உண்டு. பல் கணக்கும் வேறு, உங்களுடையது 4.7, டிஃபெண்டருடையது 3.54. இதற்கு மட்டும் நல்ல வழி இருக்கிறது: இரண்டிலும் ரோவர் டிஃபரன்ஷியல் ஒரே குடும்பம் என்பதால், ஷாஃப்ட்டில் 10 ஸ்பிளைன் (முனையில் நீளவாட்டில் வெட்டிய பல்) உள்ள பழைய அச்சாக இருந்தால் உங்கள் 4.7-ஐ அப்படியே கழற்றி அதில் பூட்டலாம். தொண்ணூறுகளின் நடுவில் 24 ஸ்பிளைனுக்கு மாறினார்கள், அதற்குப் பிந்தைய அச்சு என்றால் பூட்ட முடியாது. ஷாஃப்ட் முனையை எண்ணிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

நான் சொல்வது வேறு. உருண்டைக்குப் புதிது கிடைக்கிறது, அதை மாற்றுங்கள், மாற்றும்போது மேலே உள்ள ரெயில்கோ புஷ்ஷையும் கீழே உள்ள டேப்பர் பேரிங்கையும் சேர்த்தே மாற்றுங்கள். பிரேக்குக்கு, நீளமான 109 அங்குல வண்டியின் 11 அங்குல முன் டிரம்மைத் தேடுங்கள். உங்களுடையது 10 அங்குலம். 109-இல் ஒவ்வொரு டிரம்முக்கும் இரண்டு வீல் சிலிண்டர், இரண்டு ஷூவும் சுழலும் பக்கமே கவ்விப் பிடிக்கும், வித்தியாசம் முதல் மிதியிலேயே தெரியும். உங்கள் முன் அச்சிலேயே போல்ட்டில் மாட்டிக்கொள்ளலாம், ஆனால் ஆயில் அதிகம் கேட்கும் என்பதால் மாஸ்டர் சிலிண்டரையும் அதற்கேற்றதாகப் போடணும். ஒரு குறை உண்டு. இந்த ஏற்பாடு முன்னோக்கிப் போகும்போது பிடிப்பதுபோலப் பின்னோக்கி உருளும்போது பிடிக்காது. தேயிலை மலை ஏற்றத்தில் கியர் விழாமல் பின்னால் வழுக்கும்போது அதை நம்பாதீர்கள், ஹேண்ட் பிரேக்கை நல்ல நிலையில் வைத்திருங்கள். டிஸ்க்தான் வேணும் என்றால், உங்கள் பழைய அச்சிலேயே பூட்டும் டிஸ்க் கிட் இங்கிலாந்தில் விற்கிறார்கள், வரவழைக்கும் செலவைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

கொடைக்கானல் வாசகர்: 1988 மாருதி ஜிப்ஸி, குறுகல் ஆக்சில். பிற்கால ஜிப்ஸியின் அகல ஆக்சில் போடலாமா?

பதில்: வேலை என்று பார்த்தால் தாராளமாக, சட்டத்துக்குக் கீழே கோவைக்காரருக்குச் சொன்னதையும் படியுங்கள். இன்று வந்த கடிதங்களிலேயே சுலபமான வேலை உங்களுடையதுதான். ஜிப்ஸி மாடல் பெயரில் பின்னால் வந்த 'டபிள்யூ' அகலத்தைக் குறிப்பதுதான், சக்கர இடைவெளி சுமார் 10 சென்டிமீட்டர் கூடும். முன்னும் பின்னும் ஒரே வண்டியிலிருந்து எடுங்கள், பிராப்பல்லர் ஃபிளேஞ்ச் துளைகளை ஒத்துப் பாருங்கள், மட்கார்டுக்கு அகலப் பட்டி போடுங்கள். எடுக்கப்போகும் வண்டி ஓடுகிற நிலையில் இருந்தால் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து மெதுவாக ஓட்டிக் கேளுங்கள், 'கட கட' என்றால் உள்ளே பந்து ஜாயிண்ட் தேய்ந்திருக்கிறது, விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

கோவை வாசகர்: ஆக்சில் மாற்றினால் ஆர்.டி.ஓ.வில் பிரச்சினை வருமா? ஆர்.சி. புதுப்பிக்க வேண்டிய வருஷம் இது.

பதில்: மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லிவிட்டது. ஆர்.சி.யில் "முன் ஆக்சில் எந்த வகை" என்று ஒரு கட்டம் கிடையாதுதான், அதற்காக எதை வேண்டுமானாலும் மாட்டலாம் என்று ஆகாது. அதே ஹவுசிங்கில் ஷாஃப்ட், பேரிங், சீல் மாற்றுவது ரிப்பேர். அகலம் கூடி, சக்கரம் மட்கார்டுக்கு வெளியே நிற்கும்படி வேறு வண்டி ஆக்சிலை மாட்டுவது மாற்றம், இன்ஸ்பெக்டர் கண்ணுக்கு முதலில் படுவதும் அதுதான். நீங்கள் 15 வருஷம் தாண்டிய வண்டியை ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிக்கப் போகிறீர்கள், அவர் நேரில் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவார். வேலையைத் தொடங்குவதற்கு முன்பே போய்க் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லிவிடுங்கள், விபத்துக்குப் பிறகு அவர்கள் கண்டுபிடித்தால் கிளைம் கிடைப்பது சந்தேகம்.

வால்பாறை வாசகர்: முன் சக்கரத்துக்கு லாக் ஹப் போடச் சொல்கிறார்கள். தேவையா? போட்டால் ஆக்சில் ஆயுசு கூடுமா?

பதில்: இது ஜீப்போடு பிறந்த சாமான். போர் முடிந்து மிஞ்சிய ஜீப்புகளை வாங்கி ரோட்டில் ஓட்டியவர்களுக்காக அமெரிக்காவில் வார்ன் என்ற கம்பெனி 1948-இல் தொடங்கியதே இந்த ஹப்பை வைத்துத்தான். ஹப்பைத் திறந்து வைத்தால் சக்கரம் தனியாக உருளும், ஷாஃப்ட், கிரவுன், முன் பிராப்பல்லர் எல்லாம் சும்மா நிற்கும். ஸ்டீயரிங் கொஞ்சம் லேசாகும், சத்தம் குறையும், டீசலும் ஏதோ கொஞ்சம் மிச்சமாகும். கொஞ்சம்தான், ஹப் விலையை டீசலில் எடுத்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

ஆயுசு கூடும் என்பது பாதி உண்மை. உருண்டைக்குள் ஷாஃப்ட் சுற்றினால்தான் ஆயில் மேல் கிங் பின் பேரிங் வரை தெறித்து ஏறும். மாதக்கணக்கில் திறந்தே ஓட்டினால், வால்பாறை மழைக்கு அந்தப் பேரிங் துருப்பிடித்துவிடும். மாதத்துக்கு ஒரு தடவையாவது லாக் போட்டு, டிரான்ஸ்ஃபர் கேஸ் லிவரை டூவீலிலேயே வைத்துக் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். அப்படி ஓட்டினால் முறுக்கும் ஏறாது, தார் ரோட்டிலேயே செய்யலாம். லாக் போடும்போது இரண்டு பக்கமும் இறங்கிப் போய்ப் பாருங்கள். ஒன்று விழுந்து ஒன்று விழாமல் இருந்தால், டிஃபரன்ஷியல் விழாத பக்கத்து ஷாஃப்ட்டைச் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும், முன்பக்கம் துளியும் இழுக்காது, அதைச் சேற்றில் முட்டி வரை இறங்கிய பிறகுதான் கண்டுபிடிப்பீர்கள்.